செக்-அவுட் பட்ட பாடு

கிட் கத்துக்க ஆரம்பிக்கிற யாரா இருந்தாலும் முதல் வாரத்துலயே ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிப்பாங்க. "இந்த செக்-அவுட்னா என்னதாங்க?" ஒருத்தர் சொல்வார், ஒரு கிளையிலேருந்து இன்னொரு கிளைக்குத் தாவுறதுக்குன்னு. இன்னொருத்தர், ஒரு ஃபைல்ல பண்ணின மாற்றத்தை வேணாம்னு தூக்கிப் போடுறதுக்கும்பார். சப்வெர்ஷன்ல பழம் தின்னு கொட்டை போட்ட சீனியர் யாராவது வந்து, "அதெல்லாம் இல்லப்பா, சர்வர்லேருந்து புராஜெக்டை இறக்குறதுக்குப் பேருதான் செக்-அவுட்"னு அடிச்சுச் சொல்வார். மூணு பேர் சொல்றதும் சரி. அதான் பிரச்சினையே.

புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்குற ஆணி வருஷத்துக்கு ஒரு தடவையாவது என் தலையில வந்து விழுது. கட்டளைப் பட்டியலைக் கையில குடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னா ஒண்ணும் நிக்கிறதில்லை. இந்த வார்த்தையெல்லாம் எந்த ஊர் வழியா நடந்து வந்துச்சுன்னு கதையாச் சொன்னா நிக்குது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொசுவத்தி கொஞ்சம் பெருசு, காபி டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ஒரே ஒரு பாரா. ஒரு கட்டுரை எழுதுறீங்க. 'ஃபைனல்'னு பேர் வெச்சு சேமிக்கிறீங்க. மறுநாள் 'ஃபைனல் 2'. அதுக்கும் மறுநாள் 'நிஜமாவே ஃபைனல்'. ஒரு மாசம் கழிச்சு எந்தப் பிரதியில எந்தப் பத்தியை வெட்டினோம், எதுக்கு வெட்டினோம்னு நமக்கே தெரியாது. ஃபைல் ஒண்ணுதான், பேர் ஒண்ணுதான், ஆனா அதோட ஒவ்வொரு நிலையையும், யார் மாத்தினா, எப்ப மாத்தினா, எதுக்கு மாத்தினாங்கற குறிப்போட ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வெச்சுக்கிட்டே வர்ற மென்பொருள்தான் வெர்ஷன் கண்ட்ரோல். நேத்து எப்படி இருந்துச்சு, யார் கை வெச்சா, எதுக்கு வெச்சா, இந்த மூணு கேள்விக்கும் 1970களிலேயே விடை கிடைச்சுடுச்சு. "ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வெச்சா என்ன பண்றது?"ங்கற நாலாவது கேள்விதான் அதுக்கப்புறம் பல வருஷம் எல்லாரோட தாவையும் தீர்த்துச்சு.

இந்த வம்சத்துல மூத்தவர் எஸ்.சி.சி.எஸ். 1972ல பெல் லேப்ஸ்ல மார்க் ராச்கைண்ட் எழுதினது. முதல்ல ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல ஸ்னோபால்ங்கற மொழியில எழுதி, அப்புறம் யூனிக்ஸுக்காக சி மொழியில திருப்பி எழுதினார். 1975ல இதைப்பத்தி ஒரு ஆய்வுக்கட்டுரையும் வந்துச்சு. இதுல ஃபைலை வாங்குறதுக்கு 'கெட்', மாற்றத்தைத் திருப்பிப் போடுறதுக்கு 'டெல்டா'. கவனிங்க, இங்க செக்-அவுட்ங்கற கட்டளையே கிடையாது. சும்மா 'கெட்' அடிச்சா படிக்க மட்டும் ஒரு பிரதி. திருத்தணும்னா கூட ஒரு 'ஈ' சேர்த்து அடிக்கணும். அடிச்சதும் அந்த ஃபைல் உங்க பேர்ல பூட்டப்படும். நீங்க டெல்டா போடுற வரைக்கும் வேற யாரும் அதோட அதே பதிப்பைத் திருத்த எடுக்க முடியாது.

பிரதி பிரதியா சேமிச்சா அந்தக் காலத்து டிஸ்க் தாங்காது. அதனால வித்தியாசத்தை மட்டும் எழுதி வெச்சாங்க. ஏடு பாத்து பதிப்பிச்சவங்க மூலத்தை ஒரு தடவை அச்சடிச்சுட்டு, பாடபேதத்தை மட்டும் கீழே குறிப்பாக் குடுப்பாங்களே, கிட்டத்தட்ட அந்த வேலை.

ரெண்டாவது தலைமுறை ஆர்.சி.எஸ். அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகத்துல இருந்த வால்டர் டிச்சி 1980களோட ஆரம்பத்துல எழுதினது. "ஜனங்க எப்பவும் கேக்குறது கடைசிப் பதிப்பைத்தானே, எதுக்கு மொத வெர்ஷன்லேருந்து கூட்டிக்கிட்டே வரணும்?"ங்கறது இவரோட யோசனை. அதனால கடைசிப் பதிப்பை முழுசா வெச்சுக்கிட்டு, பின்னாடி போறதுக்கான வித்தியாசங்களை மட்டும் சேமிச்சார். சின்ன யோசனைதான், ஆனா அன்றாட வேலை சட்டுனு முடிஞ்சுது.

நம்ம கதாநாயகன் மேடைக்கு வர்றது இங்கதான். ஆர்.சி.எஸ்.ல 'கெட்', 'டெல்டா'வுக்குப் பதிலா ரெண்டெழுத்துக் கட்டளைகள்: 'சி.ஐ.', 'சி.ஓ.' அதாவது செக்-இன், செக்-அவுட். ஹோட்டல்ல ரூமைக் காலி பண்றதை நினைச்சீங்கன்னா குழம்பிடுவீங்க. இது அமெரிக்க நூலகத்துப் பேச்சு. அங்க புத்தகத்தை இரவல் எடுத்தா செக்-அவுட். புத்தகம் உங்க கையில இருக்குற வரைக்கும் அடுத்தவருக்குக் கிடையாது. பூட்டு போடுற மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? அன்னிக்கு அந்த வார்த்தை ரொம்ப நேர்மையான வார்த்தையா இருந்துச்சு.

ஆனா ஆர்.சி.எஸ். கத்துக்கிட்டவங்களுக்கும் முதல் நாள் ஆப்பு உண்டு. ராப்பகலா உக்காந்து ஒரு ஃபைல் எழுதி முடிச்சுட்டு, பெரியவங்க சொன்னபடி பவ்யமா 'சி.ஐ.' அடிப்பாங்க. அடிச்சதும் ஃபைல் காணாமப் போயிடும்! டைரக்டரியில பாத்தா பேருக்குப் பின்னாடி ஒரு கமாவும் 'வி'யும் ஒட்டிக்கிட்டு வேற ஒண்ணு உக்காந்திருக்கும். நூலக நியாயப்படி பாத்தா இது சரிதான். புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தாச்சுன்னா உங்க கையில எப்படிப் புத்தகம் இருக்கும்? குடுத்துட்டு கையிலயும் ஒண்ணு வேணும்னா 'யு' சேக்கணும், பூட்டோட வேணும்னா 'எல்' சேக்கணும். கையேட்டுல இதெல்லாம் இருக்கு. ஆனா ஃபைல் காணாமப் போன அந்த நிமிஷத்துல யார் கையேட்டைப் படிக்கிறாங்க? வயித்துல புளியைக் கரைக்கிற அந்த நிமிஷம் இருக்கு பாருங்க, இந்த வரலாறு முழுக்க அது ஒண்ணுதான் மாறாம வருது. மென்பொருள் மாறும், கட்டளை மாறும், "ஐயையோ எல்லாம் போச்சு" மட்டும் மாறாது.

பூட்டுல இன்னொரு வில்லங்கம். பூட்டுனவர் ஊருக்குப் போயிட்டா? நான் முன்னாடி ஆணி புடுங்கின ஒரு இடத்துல, ஒரு முக்கியமான ஃபைலைப் பூட்டிட்டு ஒருத்தர் கல்யாணத்துக்கு லீவு போட்டுட்டார். அவரோட கல்யாணத்துக்கே! ஃபோன் பண்ணி, "மாப்ள, வாழ்த்துகள், அப்படியே அந்த ஃபைலை..."ன்னு கேக்க யாருக்கும் மனசு வரலை. நாலு நாள் வேலை நின்னுச்சு. ஆர்.சி.எஸ்.ஸை எழுதினவருக்கு மனுஷ சுபாவம் நல்லாத் தெரிஞ்சிருக்கு. அடுத்தவர் பூட்டை உடைக்கலாம், ஆனா உடைச்சா எதுக்கு உடைச்சேன்னு உங்களைக் கேட்டு வாங்கி, அந்த விளக்கத்தோட பூட்டுக்காரருக்குத் தானா ஒரு மெயில் போயிடும். இந்த மரியாதை பின்னாடி வந்த பெரிய பெரிய மென்பொருள்கள்ல கூட கிடையாது.

அடுத்த திருப்பம் ஆம்ஸ்டர்டாம்ல. அங்க ஒரு பல்கலைக்கழகத்துல டிக் க்ரூனேன்னு ஒரு வாத்தியார், ரெண்டு மாணவர்களோட சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுதிக்கிட்டிருந்தார். 1984 ஜூலைலேருந்து 1985 ஆகஸ்ட் வரைக்கும் அந்த வேலை. பிரச்சினை என்னன்னா, ஒரு மாணவர் ஒன்பதிலேருந்து அஞ்சு வரைக்கும் கரெக்டா வேலை பாக்குறவர். இன்னொருத்தர் எப்ப வருவார் எப்ப போவார்னு சொல்ல முடியாது. வாத்தியாருக்கோ சாயங்காலம்தான் நேரம். இப்படி மூணு பேரு ஒரு ஃபைலைப் பூட்டிப் பூட்டி விளையாடினா கம்பைலர் எந்த ஜென்மத்துல முடியும்?

க்ரூனே பூட்டையே தூக்கிட்டார். ஆர்.சி.எஸ். மேல சில ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார். யார் வேணா எப்ப வேணா பிரதி எடுத்துக்கோ, உன் இஷ்டத்துக்குத் திருத்து, திருப்பிப் போடும்போது அதுக்குள்ள அடுத்தவங்க போட்டதோட உன்னோடதைச் சேர்த்துப் பாத்துட்டுப் போடு. அவ்வளவுதான். 1986 ஜூன்ல இதை யூஸ்நெட்ல எல்லாருக்கும் குடுத்தார். 1989ல பிரையன் பெர்லினர் இதை சி மொழியில திருப்பி எழுத, சி.வி.எஸ்.ங்கற பேர்ல உலகம் முழுக்கப் பரவிச்சு.

என்னைக் கேட்டா இந்த வரலாற்றுல பெரிய பாய்ச்சல் கிட் இல்லை, இதுதான். "ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வெச்சா சண்டைதான், அதனால தடு"ன்னு இருந்ததை "பெரும்பாலும் சண்டை வராது, வந்தா அப்ப பாத்துக்கலாம்"னு மாத்தினது சாதாரண விஷயம் இல்லை. உண்மையிலயே பெரும்பாலும் வராது. நீங்க பத்தாவது வரியைத் திருத்துறீங்க, நான் இருநூறாவது வரி. ரெண்டு பேரும் எங்கேருந்து கிளம்பினோமோ அந்தப் பொது மூலத்தை வெச்சுக்கிட்டு ஒப்பிட்டா, உங்க மாற்றம் எது என் மாற்றம் எதுன்னு பிரிச்சு ரெண்டையும் சேர்த்துடலாம். ரெண்டு பேரும் அதே வரியைத் தொட்டிருந்தா மட்டும், <<<<<<< போட்டு ஒருத்தரோடது, நடுவுல =======, கீழே >>>>>>> போட்டு இன்னொருத்தரோடது. "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்கப்பா"ன்னு நாட்டாமை ஒதுங்கிடுவார்.

முதல் தடவை தன்னோட ஃபைல்ல இந்த அம்புக்குறிகளைப் பாக்குறவங்க மூஞ்சியைப் பாக்கணுமே! ஏதோ வைரஸ் வந்துடுச்சுன்னே சிலர் நினைச்சுக்கறாங்க. அது பிழையே இல்லை, மென்பொருள் நம்மகிட்ட மரியாதையாக் கேக்குற கேள்வி. பயப்பட வேண்டியது வேற இடத்துல. இந்தச் சேர்ப்பு வரியை மட்டும்தான் பாக்கும், அர்த்தத்தைப் பாக்காது. நான் ஒரு ஃபங்ஷனோட பேரை மாத்திட்டேன், நீங்க வேற ஃபைல்ல பழைய பேர்ல அதைப் புதுசாக் கூப்பிட்டிருக்கீங்க. சேர்ப்பு சத்தமில்லாம முடிஞ்சுடும். மொத்தமா ஓட்டிப் பாத்தா டவுசர் கிழியும்.

சரி, செக்-அவுட் என்ன ஆச்சு? சி.வி.எஸ்.லயும் அதே வார்த்தை இருந்துச்சு. ஆனா பூட்டு போச்சு. இரவல்ங்கற அர்த்தமும் போச்சு. இப்ப செக்-அவுட்னா சர்வர்லேருந்து புராஜெக்ட் மொத்தத்தையும் ஒரு பிரதி இறக்கிக்கிறது. நூலகம் ஜெராக்ஸ் கடையா மாறிடுச்சு, போர்டை மட்டும் யாரும் மாத்தலை.

1995ல ஓபன்பிஎஸ்டி திட்டம் ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. யார் வேணா, கணக்கு கூட இல்லாம, அவங்களோட சி.வி.எஸ். கிடங்கைப் படிக்கலாம்னு திறந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடி வெளியாளுக்குக் கிடைச்சதெல்லாம் எப்பவாவது வர்ற மூட்டைதான். 1999 நவம்பர்ல சோர்ஸ்ஃபோர்ஜ் வந்து, கட்டற்ற மென்பொருள் எழுதுற யாருக்கும் இலவசமா இந்த வசதி குடுத்துச்சு. ஆனாலும் ஒரு கோடு இருந்துச்சு. படிக்கிறது எல்லாருக்கும், எழுதுறது சிலருக்கு. கமிட் உரிமை ஒரு பதவி. வெளியில இருக்குற கத்துக்குட்டி, தான் வீட்டுல பண்ற மாற்றங்களோட வரலாறை வெச்சுக்கக்கூட வழி இல்லை, ஏன்னா வரலாறு இருக்குறது சர்வர்ல, சர்வர்ல எழுத அனுமதி இல்லை. நீ பெரிய ஆளாகுற வரைக்கும் 'ஃபைனல் 2', 'ஃபைனல் 3'தான் உனக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

சி.வி.எஸ்.ஸோட குறையையெல்லாம் எழுத ஆரம்பிச்சா தனிப் பதிவு போடணும். ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி எண். இருபது ஃபைலைப் போடும்போது பன்னிரண்டாவதுல நெட்வொர்க் போச்சுன்னா பாதி உள்ளே பாதி வெளியே. ஃபைல் பேரை மாத்தினா வரலாறு அறுந்துடும். இதையெல்லாம் சரி பண்ணத்தான் 2000ல கொலாப்நெட் நிறுவனம் சப்வெர்ஷனை ஆரம்பிச்சுது. கார்ல் ஃபோகல், ஜிம் பிளாண்டி, பென் காலின்ஸ்-சஸ்மன் எல்லாம் இதுல முக்கியமானவங்க. 2001 ஆகஸ்ட் கடைசியில சப்வெர்ஷன் தன்னோட மூலநிரலையே தனக்குள்ள வெச்சுக்குற அளவுக்கு வளர்ந்துச்சு. 2004 பிப்ரவரியில 1.0.

சப்வெர்ஷனைக் கிண்டல் பண்றது ஒரு காலத்துல ஃபேஷன். கத்துக்குறவங்களை மனசுல வெச்சுப் பண்ணின முதல் மென்பொருள் அதுதாங்கறது என் கட்சி. மொத்த கிடங்குக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரே எண் வரிசை. போட்டா எல்லாம் போகும், இல்லேன்னா எதுவும் போகாது. ஓரெய்லி வெளியிட்ட நல்ல புத்தகம் ஒண்ணு, இணையத்துல இலவசமாவும் கிடைச்சுது. விண்டோஸ்காரங்களுக்கு டார்டாய்ஸ்ன்னு ஆமை படம் போட்ட ஒரு கருவி, ஃபோல்டர் மேல பச்சை டிக் இருந்தா எல்லாம் நலம், சிவப்பு இருந்தா ஏதோ மாறியிருக்கு. என் வயசுக்காரங்க நிறைய பேர் கத்துக்கிட்டது ஆமை முதுகுல ஏறித்தான். 2007ல கூகிள்ல பேசின லினஸ் டோர்வால்ட்ஸ், சி.வி.எஸ்.ஸை ஒழுங்காப் பண்ணுவோம்னு கிளம்பினதே வெட்டி வேலைன்னு சப்வெர்ஷனைக் காய்ச்சி எடுத்தார். ரசிச்சுப் பாத்தேன், ஒத்துக்கலை.

லினஸ் பேர் வந்தாச்சு. இனிமே கதை சூடு.

லினக்ஸ் 1991ல ஆரம்பிச்சுது. 2002 வரைக்கும் லினஸ் எந்த வெர்ஷன் கண்ட்ரோலும் வெச்சுக்கலைன்னா நம்புவீங்களா? திருத்தங்கள் எல்லாம் மெயில்ல வரும். புடிச்சா சேர்த்துக்குவார், இல்லேன்னா காத்துல போயிடும். போனது பாக்காம போச்சா, வேணாம்னு போச்சான்னு அனுப்பினவருக்குத் தெரியாது. ஆளுங்க பெருகப் பெருக, மனுஷன் தாங்க மாட்டார்னு கூட இருந்தவங்களே குரல் குடுத்தாங்க. 2002ல அவர் பிட்கீப்பருக்கு மாறினார். லாரி மெக்வாயோட நிறுவனம் பண்ணினது. நடுவுல ஒரு சர்வர்னு இல்லாம ஒவ்வொருத்தர் கையிலயும் முழு வரலாறு இருக்கும். நல்ல மென்பொருள், லினஸே பாராட்டினார். ஆனா கட்டற்ற மென்பொருள் இல்லை. லினக்ஸ்காரங்களுக்கு இலவசம், அதுக்கு நிபந்தனைகள் உண்டு. போட்டியா இன்னொரு கருவி எழுதுறவங்க இதைத் தொடக்கூடாதுங்கறது அதுல ஒண்ணு.

உலகத்துக்கே திறந்த மூலநிரல்னு சொல்ற ஒரு திட்டத்தோட வரலாறு மொத்தமும் ஒரு தனியார் பெட்டிக்குள்ள. பலருக்கு இது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சாம்பா எழுதின ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், பிட்கீப்பர் சர்வரோட பேசுற ஒரு சின்ன நிரலை எழுத ஆரம்பிச்சார். மெக்வாய்க்குக் கோபம். 2005 ஏப்ரல்ல இலவச உரிமத்தை விலக்கிக்கிறதா அறிவிச்சுட்டார். ஏதோ பெரிய களவாணித்தனம் நடந்த மாதிரி பேச்சு. அதே மாசம் ஆஸ்திரேலியாவுல கான்பராவுல நடந்த லினக்ஸ் மாநாட்டுல ட்ரிட்ஜல் மேடையிலயே செஞ்சு காட்டினார். டெல்நெட் போட்டு சர்வரோட இணைஞ்சு, 'ஹெல்ப்'னு அடிச்சார். சர்வரே தன்னோட கட்டளைப் பட்டியலை எடுத்து நீட்டுச்சு. அவ்வளவுதான் அவரோட களவாணித்தனம் :-)

மெக்வாய் பக்கத்து நியாயமும் கொஞ்சம் உண்டு. சம்பளம் குடுத்து ஆள் வெச்சுப் பண்ணின பொருளை இலவசமாக் குடுத்திருக்கார், அதைப் பாத்து இன்னொண்ணு பண்றாங்களேன்னு வயிறு எரியத்தான் செய்யும். ஆனா இந்த விவகாரத்துல பட்டவங்க லினக்ஸ்காரங்க. மூணு வருஷ வரலாறு இருக்குற வீட்டுக்குச் சாவி இன்னொருத்தர் இடுப்புல. பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு, 2016ல, பிட்கீப்பரையும் கட்டற்ற மென்பொருளாத் திறந்து விட்டாங்க. அப்ப யாருக்கும் அது தேவைப்படலை.

2005 ஏப்ரல் 3ஆம் தேதி லினஸ் கிட் எழுத ஆரம்பிச்சார். 6ஆம் தேதி அறிவிப்பு. 7ஆம் தேதி கிட்டோட மூலநிரலே கிட்டுக்குள்ள வந்துடுச்சு. சப்வெர்ஷனுக்கு இந்த இடத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கறதை நினைச்சுப் பாருங்க. ஜூன் மாசம் லினக்ஸ் 2.6.12 கிட் வழியா வெளியாச்சு. ஜூலைல ஜூனியோ ஹமானோ கையில பொறுப்பை ஒப்படைச்சுட்டு லினஸ் தன் ஜோலிக்குத் திரும்பிட்டார். அதே ஏப்ரல்ல, அதே காரணத்துக்காக மேட் மேக்கால் மெர்க்யூரியல்னு இன்னொண்ணு ஆரம்பிச்சார். கத்துக்க அது எவ்வளவோ சுலபம். நல்லவங்க எப்பவும் ஜெயிக்கிறதில்லை, விடுங்க.

ஒரு சின்ன சோகமும் உண்டு. லினக்ஸை கிட்டுக்குள்ள போட்டப்போ லினஸ் பழைய வரலாறைக் கொண்டு வரலை. கொண்டு வந்தா 3.2 ஜிபி ஆகும், ஆரம்பத்துலயே சுமை வேணாம், வேணும்னா பின்னாடி தனியா வெச்சுக்கலாம்னு முதல் கமிட் குறிப்புலயே எழுதிட்டார். அதனால இன்னிக்கும் லினக்ஸ் மூலநிரல்ல ஒரு பழைய வரியை யார் எழுதினாங்கன்னு தேடிக்கிட்டே போனா, 2005 ஏப்ரல்ல ஒரு சுவர்ல போய் முட்டும். சுமார் 17 ஆயிரம் ஃபைல், எல்லாம் லினஸ் ஒரே நாள்ல போட்ட மாதிரி. பழைய வரலாறைப் பிற்பாடு சிலர் தனியாத் தொகுத்து வெச்சாங்க, ஆனா அதைத் தேடிப் போனாத்தான் கிடைக்கும்.

இவ்வளவு அவசரத்துல பண்ணினதோட விலையைத்தான் கத்துக்குறவங்க இன்னிக்கு வரைக்கும் குடுக்குறாங்கங்கறது என் எண்ணம். "ஒரு ஃபைலை மாத்தினா நேரா கமிட் பண்ண வேண்டியதுதானே, நடுவுல எதுக்கு 'ஆட்'னு ஒரு படி?"ன்னு ஒவ்வொரு புது ஆளும் கேக்குறாங்க. அந்த இடைப்படியோட மூதாதை பேர் 'கேஷ்'. ஆயிரக்கணக்கான ஃபைல்ல எது மாறியிருக்குன்னு சட்டுனு கண்டுபிடிக்க, அடுத்து எழுதப் போற நிலையை லினஸ் அதுல குறிச்சு வெச்சார். வேகம்தான் அவருக்கு உயிர். அந்த ஏப்ரல் கடைசியில அளந்தப்போ ஒரு விநாடிக்கு 6.7 திருத்தங்களை கிட் பதிவு பண்ணிச்சு. மத்தவங்க அனுப்புற திருத்தங்களை மலை மலையா சேக்குற ஒருத்தருக்காக, அவரே தைச்சுக்கிட்ட சட்டை இது. அதைத்தான் இப்ப முதல் வருஷ மாணவருக்கு மாட்டி விட்டு, "ஏன் கை நீளமா இருக்கு?"ன்னு கேட்டா முறைக்கிறோம்.

வார்த்தைகளுக்கு வருவோம். கிட்ல முழுப் பிரதி இறக்குறதுக்கு 'க்ளோன்'னு புதுப் பேர். அப்ப செக்-அவுட்? வேலையில்லாம நின்னதால அதுக்கு ரெண்டு வேலை குடுத்துட்டாங்க. கிளையோட பேரைச் சொன்னா அந்தக் கிளைக்குத் தாவும். ஃபைலோட பேரைச் சொன்னா, அதுல நீங்க இன்னும் பதியாத மாற்றத்தையெல்லாம் ஒரு வார்த்தை கேக்காம அழிச்சுட்டு பழையபடி ஆக்கிடும். ஒண்ணு தெரு மாறுறது, இன்னொண்ணு வீட்டை இடிக்கிறது. ரெண்டுக்கும் ஒரே கட்டளை! சப்வெர்ஷன்லேருந்து வந்தவங்களுக்கு இன்னும் கொடுமை. அங்க மாற்றத்தைத் தூக்கிப் போட 'ரிவர்ட்'. கிட்லயும் ரிவர்ட் இருக்கு, ஆனா அது ஏற்கெனவே பதிஞ்ச ஒரு கமிட்டுக்கு நேர் எதிரான புது கமிட்டைப் போடும். அங்க 'கமிட்'னா எல்லாருக்கும் போய்ச் சேந்துடும். இங்க கமிட் உங்க பொட்டியை விட்டே நகராது, 'புஷ்' பண்ணாத்தான் போகும். மொழி தெரியாத ஊருக்குப் போனா சமாளிச்சுடலாம். தெரிஞ்ச வார்த்தையெல்லாம் வேற அர்த்தத்துல பேசுற ஊருக்குப் போனா? அதனால கிட் புரியலைன்னு உக்காந்திருக்குற பசங்களை யாராவது மக்குன்னு சொன்னா எனக்குக் கோவம் வந்துடும்.

ஆனா இதே கிட், முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்தக் கோட்டை அழிச்சுது. க்ளோன் பண்ணின நிமிஷத்துலேருந்து லினஸ் கையில இருக்குற வரலாறும் உங்க கையில இருக்குற வரலாறும் ஒண்ணு. யார் அனுமதியும் வேணாம், வீட்டுல உக்காந்து நூறு கமிட் போடலாம், பத்து கிளை பிரிக்கலாம், சொதப்பலாம், யாருக்கும் தெரியாது. 2008 ஏப்ரல்ல பொதுவுக்கு வந்த கிட்ஹப் இதைத்தான் பிடிச்சுக்கிட்டு வளர்ந்துச்சு. முதல்ல பிரிச்சு எடுத்துக்கோ, வேலையைக் காட்டு, அப்புறம் சேர்த்துக்கலாமான்னு கேளு. முன்னாடியெல்லாம் அனுமதி வாங்கிட்டுத்தான் வேலையைப் பதியவே முடியும். 2018ல மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு அதை வாங்கினப்போ சாவி யார் இடுப்புலங்கற பழைய கேள்வியைச் சிலர் மறுபடி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு: நிரலோட முழு வரலாறும் க்ளோன் பண்ணின ஒவ்வொருத்தர் பொட்டியிலயும் இருக்கு.

அந்த "எல்லாம் போச்சு" பயத்துக்கும் கிட் மருந்து வெச்சிருக்கு, ஆனா லேபிள் ஒட்டாத பாட்டில்ல. 'ரெஃப்லாக்'னு ஒண்ணு. 2007 பிப்ரவரியில வந்த 1.5 பதிப்புலேருந்து அது தானாவே ஓடுது. நீங்க எந்தெந்த கமிட்ல நின்னீங்கன்னு குறிச்சுக்கிட்டே இருக்கும். கிளையைத் தப்பா அழிச்சாலும், வரலாறைத் திருத்தி எழுதி கமிட் காணாமப் போனாலும், குறைஞ்சது முப்பது நாளைக்கு அங்கேருந்து மீட்டுடலாம். ஒரு தடவை கமிட் பண்ணினது லேசுல தொலையாது. தொலையுறது எல்லாம் கமிட் பண்ணாததுதான். நான் சொல்லிக் குடுக்குற முதல் வகுப்புல கிளை, புஷ் எதுவும் கிடையாது. கமிட் பண்ணு, வேணும்னே தொலை, ரெஃப்லாக்ல தேடி எடு. ஒரு மணி நேரம் இதேதான். அப்புறம் பசங்க பயமில்லாம கை வைக்கிறாங்க.

2019 ஆகஸ்ட்ல வந்த 2.23 பதிப்புல ஒருவழியா செக்-அவுட்டோட ரெண்டு வேலையையும் பிரிச்சாங்க. கிளை மாற 'ஸ்விட்ச்', ஃபைலைப் பழையபடி ஆக்க 'ரெஸ்டோர்'. பல வருஷம் இது சோதனை முயற்சிதான்னு கையேட்டுல குறிப்பு வேற போட்டிருந்தாங்க. பழைய செக்-அவுட்டையும் எடுக்கலை, எடுத்தா உலகத்துல பாதி ஸ்கிரிப்ட் படுத்துடும். அதனால இணையத்துல தேடினா இன்னமும் பழைய கட்டளைதான் முதல்ல வந்து நிக்கும். புதுசா கத்துக்கிறவங்க இந்த ரெண்டு புதுக் கட்டளையை மட்டும் கத்துக்கோங்க. யாராவது செக்-அவுட்னா, எந்த அர்த்தத்துலன்னு திருப்பிக் கேளுங்க. அவங்களே கொஞ்சம் முழிப்பாங்க.

கிட்டோட மூலநிரலை க்ளோன் பண்ணி, லினஸ் 2005 ஏப்ரல் 7ல போட்ட முதல் கமிட்டை எடுத்துப் பாருங்க. மொத்தம் 11 ஃபைல், 1244 வரி. 'கிட்'னு ஏன் பேர் வெச்சேன்னு அன்னிக்கு மனநிலையைப் பொறுத்து எந்த விளக்கம் வேணா எடுத்துக்கலாம்னு குசும்பா ஒரு குறிப்பு இருக்கும். கட்டளைகள் ஏழு. செக்-அவுட் அதுல இல்லை.